பாட்டு முடியுமுன் வந்த பொன்னாடை

எங்கள் சமூகத்தில் ஒரு பெண் பிள்ளை என்ன செய்கிறாள் என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாவிட்டால், அந்தப் பிள்ளைக்கு ஏதோ நடந்துவிட்டது என்று பொருள். மருத்துவர், மருந்தாளர், பொறியியலாளர், கணக்காளர் எல்லாம் சொற்கள். கொலரத்தூரா சொப்ரானோ என்பது ஏதோ நோயின் பெயர் போல இருக்கிறது என்று அம்மா எப்போதோ தீர்மானித்துவிட்டார். அதனால் ஒஸ்லோவின் குரோருட்டில் எங்கள் குடியிருப்பின் வாசலில் யாராவது விசாரித்தால் உரையாடல் இப்படித்தான் போகும்.

"மகள் இப்ப என்ன செய்யிறா?"

"ஒப்பராவிலை வேலை."

"ஓ, அங்கை ஒஃபீஸிலையோ?"

"ஓம்."

அம்மா பொய் சொல்லக் கூச்சப்படுகிறவர். ஆனால் அந்த ஒரு "ஓம்" மட்டும் எப்போதும் தடங்கல் இல்லாமல் வரும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஒப்பரா என்பது முழுக்கப் பாடியே நடிக்கும் மேலைநாட்டு இசை நாடகம். பெண் குரல்களில் மிக மேலே போவது சொப்ரானோ. மேலே போன இடத்தில் மரியாதையாக நிற்காமல் ஓடி, குதித்து, வழுக்கி, திரும்பி வருவது கொலரத்தூரா. எங்கள் ஆட்களுக்கு விளக்கும்போது "பிருகா மாதிரி" என்பேன். "அப்ப பிருகாவையே பாடியிருக்கலாமே" என்பார்கள். பாடியிருக்கலாம்தான். சின்ன வயதில் சனிக்கிழமை தோறும் தமிழ்ப் பள்ளியில் பாடிக்கொண்டுதான் இருந்தேன். பிறகு நோர்வேஜியப் பள்ளியின் பாடகர் குழுவை நடத்திய ரீச்சர் என் தொண்டைக்குள் ஏதோ இருப்பதைக் கண்டுபிடித்தார். அதோடு என் எதிர்காலம் பாழாய்ப் போனது.

இசைக் கல்லூரி முடித்த பிறகு வருவது குரல் தேர்வு. நோர்வேயில் ஒருவரை வேண்டாம் என்று சொல்வது மிகுந்த அன்போடு நடக்கும் காரியம். நீங்கள் வெளிச்சத்தில் நின்று உயிரைக் கொடுத்துப் பாடுவீர்கள். இருட்டில் இருந்து ஒரு குரல் "ஸ்பென்னெண்டே" என்னும். சுவாரசியமாக இருக்கிறது என்று பொருள். இதே சொல்லை எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்ட நோர்வேஜியர்களும் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் யாரும் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

முழுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று நான் குறை கூறக் கூடாது. பிரெஞ்சுக்காரர் ஒருவர் எழுதிய ஒப்பரா உண்டு. இந்தியாவில் நடக்கிறது. கோயில் பூசகரின் மகள்தான் கதாநாயகி. அதை யாராவது மேடையேற்றுவதாக நினைத்தால் போதும், என் தொலைபேசி அடிக்கும். "இது உங்களுக்காகவே எழுதப்பட்டது போல இருக்கிறது" என்பார்கள். ஒருமுறை ஒத்திகையில் கை கூப்புவதன் உண்மையான முறையைக் காட்டும்படி கேட்டார்கள். நான் ஒஸ்லோ ஆஸ்பத்திரியில் பிறந்தவள். பனிச்சறுக்குக் கட்டையை எப்படிக் காலில் பூட்டுவது என்று கேட்டிருந்தால் உண்மையான முறையைக் காட்டியிருப்பேன். இருந்தாலும் கையைக் கூப்பினேன். எல்லோரும் நெகிழ்ந்து போனார்கள்.

மற்ற நாட்களில் நோர்வேஜியரின் இறுதிச் சடங்குகளில் பாடினேன், கோரஸில் பின்வரிசையில் மீன்காரியாகவும் கன்னியாஸ்திரியாகவும் நின்றேன், கிழமையில் மூன்று நாள் ட்வெய்ட்டாவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்தேன். இன்றும் செய்கிறேன். தொண்டையைக் காப்பாற்றுவதற்காகக் கடையில் மெல்லத்தான் கதைப்பேன். கண்ணுக்குக் கண்ணாடி வாங்க வந்த முதியவர்கள் காதையும் சோதிக்க வேண்டுமோ என்ற கவலையோடு வீடு திரும்புவார்கள்.

இப்படி இருக்கையில்தான் போன ஆண்டு, ஊர் ஊராகப் போய் ஒப்பரா நடத்தும் ஒரு குழு என்னைக் குரல் தேர்வுக்குக் கூப்பிட்டது. இந்தியப் பூசகரின் மகள் இல்லை. மிகவும் பெயர் பெற்ற இத்தாலிய ஒப்பரா ஒன்றின் கதாநாயகி. பேர்கன் நகரில் தொடங்கி நாடு முழுக்கப் போகிற தயாரிப்பு. நான் முன்வரிசையில், நடுவில், என் சொந்தக் குரலோடு நிற்கக்கூடிய பாத்திரம். எனக்கு முப்பத்தெட்டு வயது. கொலரத்தூராவின் உச்ச ஸ்வரங்கள் வாடகை வீடு போல, ஒரு நாள் விட்டுவிட்டுப் போக வேண்டியவை. இது தவறினால் இன்னொன்று வராது என்று எனக்குத் தெரியும்.

அந்தக் கதையில் அப்பா தன் மகளை வீட்டுக்குள் பூட்டி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு மட்டும் போகலாம். வேறு எங்கும் போகக்கூடாது, யாரோடும் கதைக்கக்கூடாது. இத்தாலியில் நடப்பதாக எழுதிவிட்டார்கள். குரோருட்டில் நடப்பதாக எழுதியிருந்தாலும் ஒரு வரி மாற்ற வேண்டியிருக்காது, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை மட்டும் சேர்க்க வேண்டும். அந்தப் பெண் தேவாலயத்தில் ஒருவனைப் பார்த்துவிடுகிறாள். அவன் தன் பெயரை ஒரு முறை சொல்கிறான். அவன் போன பிறகு அவள் தனியே நின்று அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பப் பாடுகிறாள். அவ்வளவுதான் அந்தப் புகழ்பெற்ற பாட்டு. அவன் சொன்னது பொய்ப் பெயர் என்பது அவளுக்குத் தெரியாது. கேட்கிற எல்லோருக்கும் தெரியும்.

இதை அம்மாவிடம் விளக்கியது நான் செய்த புத்திசாலித்தனங்களில் ஒன்று.

"ஒருத்தன்ர பேரைச் சொல்ல இவ்வளவு நேரமோ?" என்றார் அம்மா. "நான் இண்டைக்கு வரைக்கும் உங்கட அப்பான்ர பேரை வாயாலை சொன்னதில்லை. ஆஸ்பத்திரியிலை கேட்டாலும் அவற்ரை அடையாள அட்டையைத்தான் எடுத்து நீட்டுவன்."

"அம்மா, அவள் ஆசையிலை பாடுறாள்."

"அதுதான் சொல்லுறன். மானங்கெட்டவள்."

அப்பா தொலைக்காட்சியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் அழைக்கப்படாமலே வாழ்ந்து முடித்த மனிதருக்குரிய நிம்மதி அவர் முகத்தில் இருந்தது.

குரல் தேர்வு நன்றாகவே போனது. இருட்டில் இருந்து "ஸ்பென்னெண்டே" வரவில்லை. அதற்குப் பதிலாக அந்தத் தயாரிப்பின் இயக்குநரே வெளிச்சத்துக்கு வந்தார். அறுபது வயது மதிக்கத்தக்க உயரமான பெண், நரைத்த முடி, நோர்வேயில் கலையோடு சம்பந்தப்பட்ட எல்லோரும் அணியும் கறுப்பு உடை. குரலில் தனக்குச் சந்தேகம் இல்லை என்றார். ஆனால் நான் தனியாக மேடையில் நின்று ஒரு மண்டபத்தைக் கட்டிப் போட்டதை யாரும் பார்த்ததில்லையே, அடுத்த சில வாரங்களில் எங்காவது பாடுகிறீர்களா, வந்து பார்க்கிறேன் என்றார்.

அடுத்த சில வாரங்களில் நான் பாட இருந்த இடம் ஒன்றே ஒன்று. குரோருட்டில் ஒரு பள்ளி மண்டபத்தில் எங்கள் ஆட்களின் சங்கம் நடத்தும் ஆண்டு விழா. நான் அன்ரி என்று கூப்பிடும் சங்கப் பொறுப்பாளர் அம்மாவின் கூட்டாளி. மறுக்க முடியாமல் ஒப்புக்கொண்டிருந்தேன். வாய் கூசாமல் இயக்குநருக்கு அந்த விழாவையே சொன்னேன். அதே பாட்டைத்தான் அங்கேயும் பாடுவேன் என்றும் சொன்னேன். "மிக நல்லது, உண்மையான மக்கள்" என்று அவர் கண் விரித்தார்.

விழா நான்கு மணிக்கு என்று அழைப்பில் போட்டிருந்தது. எங்களில் பச்சைக் குழந்தைக்குக்கூட அதன் பொருள் தெரியும். நோர்வேஜியருக்குத் தெரியாது. நான் பியானோக்காரரோடு போய்ச் சேர்ந்தபோது இயக்குநர் முன்வரிசையில் தனியே உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றிச் சங்கத்து ஆண்கள் கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவரும் எழுந்து இரண்டு கதிரைகளை இழுத்துப் போட்டாராம்.

அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மண்டபத்துக்குள் ஒரு நோர்வேஜியர், அதுவும் நரைத்த முடியோடு, அதுவும் நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தால் அவரை நாங்கள் சும்மா விடுவோமா? அன்ரி ஒரே பார்வையில் முடிவெடுத்தார். அழைத்திருந்த நகரசபை உறுப்பினர் கடைசி நேரத்தில் வர முடியாது என்று சொல்லியிருந்தார் போலும். சிறப்பு விருந்தினர் கிடைத்துவிட்டார். நான் மேடைக்குப் பின்னால் குரலைச் சூடாக்கிக்கொண்டிருந்த சமயத்தில், என் விதியை எழுத வந்த பெண் கழுத்தில் மாலையோடு மங்கள விளக்கேற்றிக்கொண்டிருந்தார். பிறகு நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் மூன்று வசனம் பேசினார். அன்ரி அதைத் தமிழில் மொழிபெயர்த்தபோது தமிழின் தொன்மை, தாய்மாரின் தியாகம், பிள்ளைகள் மாலையில் தொலைபேசி பார்ப்பதால் வரும் கேடு எல்லாம் அதில் இருந்தன. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. இயக்குநர் தன் பேச்சு இவ்வளவு ஆழமாக இருந்ததா என்று வியந்து நின்றார்.

வரவேற்பு நடனம், வாழ்த்துரை, இன்னொரு நடனம், அதை ஆடிய பிள்ளைகளின் ரீச்சருக்குக் கௌரவிப்பு, பரிசளிப்பு எல்லாம் முடிந்து என் முறை வந்தது. அன்ரி ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"அடுத்து, எங்கள் குரோருட்டின் செல்வ மகள், இத்தாலி நாட்டின் புகழ்பெற்ற பக்திப் பாடல் ஒன்றைப் பாட வருகின்றார். ஆண்டவனின் திருநாமத்தை மீண்டும் மீண்டும் சொல்லி உருகும் ஒரு பக்தையின் பாடல் இது. அனைவரும் அமைதி காத்துக் கேட்குமாறு அன்போடு வேண்டுகின்றோம்."

திரைக்குப் பின்னால் இருந்து நான் அம்மாவைத் தேடினேன். இரண்டாம் வரிசையில், பட்டுச் சேலையில், எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்ரி பாட்டின் பொருள் என்ன என்று கேட்டிருக்கிறார். என் அம்மா, மகளின் மானத்தையும் இத்தாலியின் மானத்தையும் ஒரே வசனத்தில் காப்பாற்றியிருக்கிறார்.

நான் மேடைக்கு வந்து நின்றபோது மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. பின்பக்கத்தில் ஓடித் திரிந்த பிள்ளைகளைப் பிடித்து மடியில் இருத்திவிட்டார்கள். சிலர் செருப்பைக் கழற்றியிருந்தார்கள். முன்வரிசையில் ஓர் ஐயா கண்ணை மூடிக்கொண்டு தொடையில் மெல்லத் தாளம் போட ஆயத்தமானார். வெள்ளை மாளிகை போன்ற ஒப்பரா அரங்கில்கூட இப்படி ஓர் அவையை நான் கண்டதில்லை. காதலன் பெயரைச் சொல்லிக் கிறங்கும் ஒரு பெண்ணின் பாட்டை, கும்பாபிஷேகத்துக்கு வந்தவர்கள் போல உட்கார்ந்து கேட்டார்கள்.

பாடினேன். நன்றாக வந்தது. சங்கத்தின் ஒலிபெருக்கியில் எதிரொலியைக் கூட்டி வைத்திருந்தார்கள் என்பதைத் தவிரக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

பாட்டின் முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் இசை நின்றுவிடும். பியானோக்காரர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். பாடகி அந்த மௌனத்தில் ஒரு நீண்ட மூச்சை எடுத்து, துணை எதுவும் இல்லாமல், தன் குரலை மட்டும் நம்பி மேலே ஏறிக் கீழே வந்து காட்ட வேண்டும். இதற்குக் கடென்சா என்று பெயர். அந்தப் பாட்டைப் பாடுகிறவளைத் தீர்மானிப்பது அந்த இடம்தான். உலகம் முழுக்க அந்த மௌனத்தில் ஒரு மண்டபம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

எங்கள் மண்டபம் கைதட்டியது.

பியானோக்காரர் கையை எடுத்துவிட்டார், பாட்டு முடிந்தது. இதைவிட நியாயமான முடிவுக்கு யார்தான் வர முடியும்? அன்ரி ஒலிவாங்கியோடு மேடை ஏறிவிட்டார். "செல்வ மகளுக்கு எமது சிறப்பு விருந்தினர் அவர்கள் பொன்னாடை போர்த்திக் கௌரவிப்பார்கள்" என்றார். அடுத்த கணம் இயக்குநர் என் முன்னால் நின்றார். கைகளில் சரிகைக் கரை போட்ட மஞ்சள் பொன்னாடை விரிந்திருந்தது. அவர் வந்தது தானாக இல்லை, பின்னால் ஒரு மாமி முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்.

பாட்டு முடியவில்லை என்று இயக்குநருக்குத் தெரியும். எனக்குத் தெரியும். பியானோக்காரருக்கும் தெரியும், ஆனால் அவர் மேடையின் ஓரத்தில் இருந்து வந்த, பொரித்த இறைச்சி ரோல்ஸின் மணத்தில் மயங்கி இருந்தார். இயக்குநரின் கண்கள் என் கண்களைப் பார்த்தன. இப்போது என்ன செய்யப் போகிறாய் என்று அவை கேட்டன. எடுத்த மூச்சு உள்ளேயே நின்றது. தலையைக் குனிந்தால் அன்ரியின் மானம் தப்பும், அம்மாவின் மானம் தப்பும், பேர்கன் கைவிட்டுப் போய்விடும்.

"போடுங்கோ, போடுங்கோ, பாட்டு முடிஞ்சுது தானே" என்று மாமி பின்னால் இருந்து அவசரப்படுத்தினார்.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வேன்? அம்மா மேல் கோபம், அன்ரி மேல் கோபம், ஒரு பெண்ணின் ஆசையைத் திருநாமமாக்கிவிட்டு அதையும் பாதியில் நிறுத்த வந்த அந்த மஞ்சள் துணி மேல் கோபம். அந்தக் கோபத்தோடு வாயைத் திறந்தேன். குரல் ஏறியது. எல்லாத் தேர்வு அறைகளிலும் பயந்து பயந்து தொட்ட உச்ச ஸ்வரத்தில் போய் நின்று, அங்கேயே கொஞ்சம் உட்கார்ந்து, சிரித்து, வழுக்கி இறங்கி வந்தது. நான் பாடியவற்றிலெல்லாம் அதுதான் சிறந்தது. இதைப் பணிவாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

முடிந்த பாட்டுக்குப் பிறகு ஒரு பெண் திடீரென்று கண்கள் சிவக்க, சொற்களே இல்லாமல், மனிதக் குரல் போக முடியாத உயரத்தில் சத்தமிட்டால் எங்கள் ஆட்கள் என்ன நினைப்பார்கள்? சாமி வந்துவிட்டது என்றுதான். அதுவும் பக்திப் பாட்டு. பின்வரிசையில் யாரோ தலைக்கு மேல் கையைக் கூப்பினார்கள். பிறகு அடுத்த வரிசை. கடைசி ஸ்வரத்தை நான் எட்டியபோது மண்டபமே எழுந்து கைகூப்பி நின்றது. சிலர் அழுதார்கள். அன்ரி ஒலிவாங்கியைத் தாழ்த்திவிட்டார். இயக்குநர் விரித்த பொன்னாடையோடு திரும்பி அந்தக் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு மிகவும் மெதுவாக அதை என் தோளில் போர்த்தினார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். யாராயிருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

கீழே இறங்கியதும் தமிழ்நாட்டில் இருந்து கணினி வேலைக்கு வந்த ஒரு தம்பி என்னைத் தேடி வந்தார். "மேடம், வெஸ்டர்ன்ல டிவோஷனல் ஃபர்ஸ்ட் டைம் கேக்கறேன், புல்லரிச்சுப் போச்சு" என்றார். அம்மா யாரோ ஒரு பெண்ணிடம் "சின்னனிலை இருந்து அவளுக்குச் சாமி எண்டா உயிர்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இயக்குநர் மாலையைக் கழற்றாமல் ரோல்ஸ் சாப்பிட்டார், இன்னும் இரண்டை வெள்ளித்தாளில் சுற்றி வாங்கிக்கொண்டு தெ-பானெ என்ற சுரங்க ரயில் ஏறிப் போனார்.

செவ்வாய்க்கிழமை கடையில் இருந்தபோது அவர் அழைத்தார். முதலில் நன்றி சொன்னார். தன் வாழ்நாளில் ஒரு பாடகியை ஒரு மண்டபம் அப்படித் தாங்கிப் பிடித்ததைப் பார்த்ததில்லை என்றார். கடென்சா அபாரம் என்றார். அடுத்த ஆண்டும் சிறப்பு விருந்தினராக வரச் சொல்லி அன்ரி கேட்டிருக்கிறார், சம்மதித்துவிட்டாராம். பிறகு "ஆனால்" என்றார்.

ஆனால், தன் தயாரிப்பில் அந்தப் பெண்ணுக்கு யாருமே இல்லை. அவள் சொல்வதைக் கேட்க உலகில் ஓர் ஆள் இல்லை, அதனால்தான் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாள். "உங்களை அந்த மண்டபத்தில் பார்த்த பிறகு, அந்த மக்கள் உங்களைக் கேட்ட விதத்தைப் பார்த்த பிறகு, உங்களைத் தனிமையானவளாக என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. நீங்கள் கொடுத்து வைத்தவர்."

நான் நன்றி என்றேன். இந்த நாட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு வேறு சொல் வராது.

தொலைபேசியை வைத்த பிறகு கண்ணாடிச் சட்டங்கள் இருந்த அலுமாரிக்கு முன்னால் நின்றேன். அவ்வளவு பேரும் எழுந்து கைகூப்பினார்கள், உண்மைதான். அவர்களில் ஒருவர்கூட நான் பாடியதைக் கேட்கவில்லை. அம்மா சொன்னதைக் கேட்டார்கள். அந்த மண்டபத்தில் அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று விளங்கிக்கொண்டு கேட்டவர் ஒருவர்தான். அவர்தான் எனக்கு ஆட்கள் அதிகம் என்று இப்போது சொல்கிறார். எனக்கு அழுகை வந்தது. வாடிக்கையாளர் ஒருவர் உள்ளே வந்ததால் அழவில்லை, வாசிப்புக் கண்ணாடி காட்டினேன்.

மாலை அம்மா வீட்டுக்குப் போனேன். அம்மா வாசலிலேயே நின்றார்.

"என்னவாம்?"

"இல்லையாம்."

"ஏன், பாட்டிலை பிழையோ?"

"பாட்டிலை ஒரு பிழையும் இல்லையாம். அந்தப் பிள்ளை தனிச்சுப் போனவளாம். என்னைப் பாத்தால் தனிச்ச ஆள் மாதிரி இல்லையாம்."

 அம்மாவுக்கு உண்மையிலேயே கோபம் வந்திருந்தது, வாழ்க்கையில் முதல் தடவையாக என் பாட்டுக்காக.

"முப்பத்தெட்டு வயசாகியும் நீ இன்னும் கலியாணம் கட்டேல்லை எண்டு அந்த மனுசிக்குச் சொன்னனியோ?"